யோர்தானின் எந்தக் கரைக்கு அம்மாவை அழைத்துப் போவது?

மணப்பாட்டுக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் துபாயில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் மணப்பாடு. வரும் பிப்ரவரியில் அம்மா என்னிடம் வந்து ஒரு மாதம் தங்கப் போகிறார். வயது 69. தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர், இந்த முறை ஒன்று கேட்டிருக்கிறார். ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற யோர்தான் ஆற்றில் ஒரு தடவையாவது கால் நனைக்க வேண்டுமாம். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து வந்து, தாய்மாமா போன வருஷம் இறக்கிய ஃபைபர் வள்ளத்தில் தெளிக்க வேண்டுமாம்.

துபாயிலிருந்து ஜோர்தான் நாட்டுத் தலைநகர் அம்மானுக்கு விமானம் இருக்கிறது. நான்கு நாள் விடுப்பு கிடைக்கும். குழப்பம் எல்லாம் அதற்கு மேல்தான்.

எங்கள் ஊரிலிருந்து சில வருஷங்களுக்கு முன் எருசலேம் யாத்திரை போனவர்கள், "நாங்கள் நின்ற கரைதான் உண்மையான இடம்" என்கிறார்கள். அவர்கள் போனது எரிகோ பக்கம், இஸ்ரேல் கட்டுப்பாட்டில் இருக்கிற மேற்குக் கரை. இங்கே என்னோடு வேலை பார்க்கும் ஜோர்தான்காரர், "எங்கள் பக்கம்தான் சரியான இடம்" என்கிறார். அம்மாவின் பைபிளில் அந்த இடத்தின் பெயர் பெத்தானியா என்று போட்டிருக்கிறது. எங்கள் மாவட்டத்து நாசரேத் ஊரிலிருந்து எங்கள் தெருவுக்குக் கல்யாணமாகி வந்த சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை) அக்காவின் பைபிளில் பெத்தாபரா. பெத்தானியா என்றால் லாசரின் ஊர் அல்லவா? அது எருசலேமுக்குப் பக்கத்தில் இருக்கிறதே, யோர்தானுக்கு எப்படி வந்தது?

இன்னொரு பயமும் இருக்கிறது. இணையத்தில் படங்களைப் பார்த்தால் முள்கம்பி வேலி, துப்பாக்கியோடு படைவீரர்கள், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். ஆற்றின் நடுவில்தான் நாட்டு எல்லை என்கிறார்கள். முழங்கால் வலி உள்ள ஒரு வயதான அம்மாவை அங்கே கூட்டிப் போவது சரியா? எவ்வளவு நடக்க வேண்டும்? ஆற்றில் இறங்க விடுவார்களா? போய் வந்தவர்கள் யாராவது உள்ளபடி சொல்லுங்கள்.


பாளையங்கோட்டை டீச்சர்:

தம்பி, நான் இரண்டு கரையிலும் நின்றிருக்கிறேன். 2012-ல் சபைக் குழுவோடு மேற்குக் கரைக்குப் போனேன். 2019 நவம்பரில் வீட்டுக்காரரும் என் அக்காவும் நானுமாக மூன்று பேர் மட்டும் ஜோர்தான் வழியாகக் கிழக்குக் கரைக்குப் போனோம். அக்காவுக்கு அப்போது 70, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்ததும் அக்கா முகம்தான் கண்ணில் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் வரலாறு நடத்திய பழக்கம்.

முதலில் அந்தப் பெயர். யோவான் நற்செய்தி 1:28-ல் கிரேக்கத்தின் மிகப் பழைய பிரதிகள் பெத்தானியா என்றுதான் சொல்கின்றன. லாசரின் பெத்தானியா வேறு, இது வேறு. அது எருசலேமுக்குக் கிழக்கே, ஒலிவ மலையின் சரிவில் இருக்கும் ஊர். இன்றைக்கும் அதன் அரபுப் பெயர் லாசர் பெயரை ஒட்டி அல் அசாரியா. இதுவோ யோர்தான் ஓரத்துப் பெத்தானியா. 3-ம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற வேத அறிஞருக்கும் நீங்கள் கேட்ட அதே சந்தேகம் வந்திருக்கிறது. பிரதிகளில் பெத்தானியா என்று இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஆற்றோரம் அந்தப் பெயரில் ஊர் எதுவும் அகப்படவில்லை, பெத்தாபரா என்ற இடத்தைத்தான் அங்கே சொன்னார்கள். அதனால் பெத்தாபராவே சரி என்று எழுதிவைத்தார். பிற்காலப் பிரதிகள் பலவற்றில் அந்தப் பெயர் ஏறிவிட்டது. எங்கள் சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமம் அந்த வழியில் வந்தது, உங்கள் அம்மாவின் திருவிவிலியம் மற்ற வழியில் வந்தது. ஆக, அம்மாவும் சரி, அந்த அக்காவும் சரி.

இரண்டு வேதாகமமும் ஒத்துப்போகிற சொல் ஒன்று உண்டு. "அக்கரை". யோர்தானுக்கு அக்கரையில் இது நடந்தது என்கிறது வசனம். எருசலேமிலிருந்தும் யூதேயாவிலிருந்தும் ஞானஸ்நானம் கொடுத்த யோவானைத் தேடிப் போன ஜனங்களுக்கு அக்கரை எது? கிழக்குக் கரை. இன்றைய ஜோர்தான் நாட்டுப் பக்கம். என் மனம் அந்தப் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இந்த ஒரு சொல்தான்.

இரண்டாவது காரணம் மண்ணுக்குள் இருந்தது. அந்தக் கரை 1967-க்குப் பிறகு கால் வைக்க முடியாத போர்க்களமாகக் கிடந்தது. 1994-ல் ஜோர்தானும் இஸ்ரேலும் சமாதான உடன்படிக்கை போட்ட பிறகு கண்ணிவெடிகளை எடுத்தார்கள், 1996-ல் அகழாய்வு தொடங்கியது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய பழைய கோயில்களின் அடித்தளம், ஞானஸ்நானத் தொட்டிகள், தண்ணீருக்கு இறங்கும் பளிங்குப் படிகள் எல்லாம் வெளியே வந்தன. 6-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போன தியோடோசியஸ் என்ற யாத்திரிகர், அனஸ்தாசியஸ் பேரரசர் கட்டிய கோயில் ஒன்று வெள்ளத்துக்காக வளைவுகளின்மேல் தூக்கிக் கட்டப்பட்டிருப்பதாகவும், ஆண்டவர் முழுக்குப் பெற்ற இடத்தில் இரும்புச் சிலுவையோடு ஒரு பளிங்குத் தூண் நிற்பதாகவும் எழுதியிருக்கிறார். அந்த வளைவுகளைத் தாங்கிய அடித்தளத்தை நீங்கள் நேரிலேயே பார்க்கலாம். ஆறு அங்கிருந்து மேற்கே விலகிப் போய்விட்டதால் அந்த இடம் இப்போது வறண்டு கிடக்கிறது. 2015-ல் யுனெஸ்கோ இந்தக் கரையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனாலும் மேற்குக் கரைக்குப் போனவர்களிடம் "நீங்கள் நின்றது பொய்" என்று ஊரில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். மாதபா என்ற ஊரில், ஜார்ஜ் கோயில் தரையில், 6-ம் நூற்றாண்டில் வண்ணக் கற்களால் பதித்த நிலப்படம் ஒன்று இருக்கிறது. அதில் யோர்தான் ஓடுகிறது. சாக்கடல் பக்கம் போன மீன் ஒன்று உப்புத் தாங்காமல் திரும்பி நீந்துகிறது. மேற்கே பெத்தாபரா என்று யோவானின் பெயரோடு ஓர் இடம்; கிழக்கே அயினோன் என்று இன்னோர் இடம். அப்போதே இரண்டு கரையிலும் விசுவாசிகள் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவர் அடிக்கும் தண்ணீர் மற்றவர்மேல் தெறிக்கும் அகலம்தான் ஆறு. அம்மாவுக்கு மீன் பிடிக்குமானால் அந்த மீனைக் கட்டாயம் காட்டுங்கள். என் அக்கா அதன் பக்கத்திலேயே கால் மணி நேரம் நின்றார்.

சரி, 2012-ல் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த இடத்துக்கு கசர் அல் யகூத் என்று பெயர். எரிகோவுக்குக் கிழக்கே, 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய மேற்குக் கரைப் பகுதியில் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்த இடம், பிற்காலத்தில் ராணுவ அனுமதியோடு பெருநாட்களில் மட்டும் போக முடிந்தது. 2011-ல்தான் அன்றாடம் திறந்துவிட்டார்கள். நெடுஞ்சாலையிலிருந்து பேருந்து திரும்பியதும் ஒரு வாயில். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் வேலி, வேலியில் வரிசையாக கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். வேலிக்கு உள்ளே, வெயிலில், ஆள் இல்லாத மடங்களும் சிற்றாலயங்களும். சுவர்களில் குண்டு துளைத்த ஓட்டைகள். பேருந்தில் அதுவரை பாடிக்கொண்டு வந்தோம். அந்த ஆலயங்களைப் பார்த்ததும் பாட்டு தானாக நின்றுவிட்டது. மணி அடிக்காத, விளக்கு ஏற்றாத கோயில்கள். பூட்டியவர்கள் திறக்க வரவே முடியாமல் போன கோயில்கள். எனக்கு ஆற்றைவிட அதுதான் நெஞ்சில் தங்கியது. அப்புறம் அங்கே வெடிகளை அகற்றினார்கள் என்று படித்தேன். 2021 ஜனவரியில் பிரான்சிஸ்கன் துறவிகள் தங்கள் ஆலயத்தில் 54 வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் திருப்பலி வைத்தார்கள். அந்தச் செய்தியை நான் வீட்டில் சத்தமாக வாசித்தேன், அழுகை வந்துவிட்டது.

கரையில் வசதி நன்றாக இருந்தது. அகலமான படிகள், பிடித்து இறங்கக் கம்பி, உடை மாற்ற அறை. எங்கள் குழுவில் பாதிப் பேர் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு முழுக்குப் போட்டார்கள். கூட்டம்தான் தாங்கவில்லை. ஒரு குழு ஏறுவதற்குள் அடுத்த குழு இறங்கும்.

இப்போது கிழக்குக் கரை. அம்மானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம், முழுக்க இறக்கம். காது அடைக்கும். கடல்மட்டத்துக்கு 350 மீட்டருக்கும் கீழே போகிறோம், அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பயந்துவிடாமல் இருக்க. வரவேற்பு மையத்தோடு நம் வண்டி நின்றுவிடும். அங்கிருந்து அவர்கள் பேருந்து, அவர்கள் வழிகாட்டி. தனியாக உள்ளே உலாவ முடியாது, எல்லைப் பகுதி என்பதால். பேருந்து இறக்கிவிட்ட பிறகு நடைதான். புதர்களுக்கும் நாணலுக்கும் நடுவே மண் பாதை, மேலே ஆங்காங்கே நிழலுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். ஏற்றம் பெரிதாக இல்லை. மற்றவர்கள் முக்கால் மணியில் முடிப்பதை நாங்கள் ஒன்றரை மணி நேரம் நடந்தோம். வழிகாட்டியிடம் அக்காவின் முழங்காலைக் காட்டினேன். எங்கள் குழுவை முன்னால் அனுப்பிவிட்டு அடுத்த குழுவோடு எங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் போனார். கூச்சப்படாமல் கேளுங்கள். கைத்தடி கட்டாயம்.

பழைய கோயில் அடித்தளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பொற்கூரை போட்ட கிரேக்கக் கோயில், அதற்குக் கீழே ஆறு. இங்கேதான் தம்பி, அம்மாவைத் தயார்ப்படுத்த வேண்டும். படத்தில் பார்த்த யோர்தான் வேறு, கண்ணில் படுகிற யோர்தான் வேறு. சில மீட்டர் அகலம்தான். பச்சையும் பழுப்பும் கலந்து, மட்டை ஊறப்போட்ட குட்டைத் தண்ணீரின் நிறம். நாங்கள் தாமிரபரணிக்காரர்கள். கோடையில் அது மெலிவதைப் பார்த்தே மனம் கஷ்டப்படும். இது அதையும் மீறியது. கலிலேயாக் கடலின் வாயில் இஸ்ரேல் தண்ணீரைத் தடுத்துக்கொள்கிறது. யார்முக் துணையாற்றை மேலே சிரியா அணைகளில் தேக்குகிறது, கீழே ஜோர்தான் தன் கால்வாய்க்குத் திருப்புகிறது. முன்பு வருஷத்துக்கு 130 கோடி கனமீட்டர் அளவுக்குச் சாக்கடலுக்குப் போன ஆற்றில் இன்று பத்தில் ஒரு பங்கும் மிச்சமில்லை. அந்தக் கொஞ்சத்திலும் கழிவுநீரும் வயல்நீரும் கலந்திருக்கிறது. அக்கா முதலில் "இதுவா?" என்றுதான் கேட்டார். வேதத்தில் வரும் சீரியப் படைத்தலைவன் நாகமானும், யோர்தானில் முழுகச் சொன்னபோது முதலில் அப்படித்தானே கேட்டான், தமஸ்குவின் ஆறுகள் இதைவிட நல்லவை அல்லவா என்று. அதை நான் சொன்னதும் அக்கா பேசாமல் செருப்பைக் கழற்றினார்.

இந்தப் பக்கம் மரத்தளமும் சில படிகளும் உண்டு. தளத்தின்மேல் தண்ணீர் நிரப்பிய கல்தொட்டி ஒன்று இருந்தது. எதிரே, நான் 2012-ல் நின்ற அதே படிக்கட்டு! நடுவில் மிதவைகள் கோத்த ஒரு கயிறு. எல்லை என்பது அவ்வளவுதான். எங்கள் பக்கம் இரண்டு ஜோர்தான் வீரர்கள் நிழலில் நின்றார்கள், அந்தப் பக்கமும் துப்பாக்கியோடு ஆட்கள். ஏழு வருஷத்துக்கு முன் நான் நின்ற இடத்தை ஒரு கல் எறிகிற தூரத்தில் பார்க்கிறேன், ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் விசா, பாலம், சோதனை என்று ஒரு நாள் ஆகும்.

அக்கா படியில் உட்கார்ந்து கால் நனைத்தார். அப்புறம் யாரும் எதிர்பார்க்கவில்லை, மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனை எடுத்தார். எங்கள் அம்மா சமையலறையில் பாடுவது. இரண்டாவது அடிக்கு எதிர்க்கரையிலிருந்து ஆண்குரல் ஒன்று சேர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை அங்கியில் ஒரு கூட்டம், அதில் நாலைந்து பேர் நம்மவர்கள். அவர்கள் எந்த ஊர், என்ன பேர், எதுவும் கேட்க வாய்க்கவில்லை. இரண்டு கரையுமாகச் சேர்ந்து அந்தப் பாட்டை முழுக்கப் பாடினோம். எங்கள் பக்கத்து வீரர் ஒருவர் பாட்டு முடியும்வரை காத்திருந்துவிட்டு, அக்கா எழுந்திருக்கச் சிரமப்படுவதைப் பார்த்து, துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அதனால் என் வார்த்தை இதுதான்: கிழக்குக் கரைக்கே கூட்டிப் போங்கள். அமைதியாக இருக்கும். அம்மா தன் நேரத்தில் நடக்கலாம், தன் நேரத்தில் உட்காரலாம். அதே பயணத்தில் நேபோ மலையும் முடியும். மோசே கானானைப் பார்த்த இடம், வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து எரிகோ தெரியும்.

படகுக்குத் தண்ணீர் என்று எழுதியிருந்தீர்களே. அதை வாசித்துவிட்டு எழுந்துபோய் என் பழைய குறிப்பேட்டைத் தேடினேன். 570-ஐ ஒட்டி இத்தாலியின் பியாசென்சாவிலிருந்து வந்த ஒரு யாத்திரிகர் எழுதியிருக்கிறார். திருக்காட்சிப் பெருநாளில் அலெக்சாந்திரியாவின் கப்பல்காரர்கள் தங்கள் ஆட்களை யோர்தான் கரையில் நிறுத்துவார்களாம். தண்ணீர் மந்திரிக்கப்பட்டதும் வாசனைப் பொருட்களை ஆற்றில் ஊற்றி, அந்தத் தண்ணீரை மொண்டுகொண்டு போய், கடலுக்குக் கிளம்பும் முன் கப்பலில் தெளிப்பார்களாம். உங்கள் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். 1400 வருஷத்துக்கு முன்பு கடலை நம்பிப் பிழைத்தவர்கள் செய்ததைத்தான் அவரும் செய்ய நினைக்கிறார்.


அம்மான்வாசி:

டீச்சர் எழுதியதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. இங்கே ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருஷமாக இருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்த ஆற்றுக்கு நான்தான் துணை.

பிப்ரவரி நல்ல மாதம். கோடையில் அந்தப் பள்ளத்தில் 40 டிகிரியைத் தாண்டும், முதியவர்களைக் கூட்டிப் போகவே கூடாது. ஆனால் குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம். மழை பெய்த மறுநாளும் வேண்டாம், பாதை சேறாக இருக்கும்.

அரசுப் பேருந்தை நம்ப முடியாது. காரை நாள் வாடகைக்குப் பேசி, காத்திருப்பதையும் சேர்த்து முன்பே விலை பேசிவிடுங்கள். சாக்கடல் சாலையில் சோதனைச் சாவடி உண்டு. பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் வைத்துவிட்டு வராதீர்கள், நகல் போதாது. வீரர்களையும் காவல் கோபுரங்களையும் படம் எடுக்க வேண்டாம். ஆற்றையும் அம்மாவையும் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இரண்டு கரையையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், நான்கு நாளில் அதைச் செய்யாதீர்கள். ஹுசைன் மன்னர் பாலம் வழியாகத்தான் எரிகோ பக்கம் போக வேண்டும். சொந்தக் கார் போகாது, அவர்கள் பேருந்தில் ஏறி இறங்க வேண்டும், வரிசையில் பல மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். அந்தப் பாலத்தில் ஜோர்தான் விசா போட்டுத் தருவதும் இல்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு பாலம் திடீர் திடீரென்று மூடப்படுகிறது. ஜோர்தான் பக்கம் மட்டும் வந்தாலும், டிக்கெட் போடுவதற்கு முன்னாலும் கிளம்புகிற வாரத்திலும் அம்மானில் உள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். நிலைமை சரியில்லை என்றால் தள்ளிப்போடுங்கள். ஆறு அங்கேயேதான் இருக்கும்.


பளை வாசகி:

அண்ணா, நீங்கள் கண்ணிவெடி என்று எழுதியதை நாங்கள் மிதிவெடி என்போம். எங்கட ஊர் இலங்கையின் வடக்கில் இருக்கிற பளை, முகமாலைக்குப் பக்கம். இராணுவமும் புலிகள் இயக்கமும் எதிரெதிரே நின்ற முன்னரங்கு அது. டீச்சர் சொன்ன அந்த ஆலயங்களைச் சுற்றி வெடி அகற்றினது ஹேலோ டிரஸ்ட். எங்கட பக்கமும் 2002-ல் இருந்து அவைதான் வேலை செய்கினம். என் சித்தி அதில் பல வருஷம் வேலை செய்தவ. முழங்காலில் இருந்து, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்புப் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலத்துக்குக்கூட முன்னேற முடியாத வேலை.

யோர்தான் கரையில் 2018-ல் தொடங்கின வேலைக்கு முதல் இஸ்ரேல், பாலஸ்தீனம், அங்கே காணி வைத்திருந்த திருச்சபைகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டி இருந்தது. ஆலயங்களுக்குள்ளேயும் பொறிவெடி வைத்திருந்தார்கள். சித்தி அந்தப் படங்களைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, "இது எங்கட தேவாலயம் மாதிரியே கிடக்கு" என்றா. எங்கட ஊரிலும் கூரை இல்லாத சுவர்களுக்குள்ளே பலகை நட்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். திறந்துவிட்ட பாதையில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாதையை விட்டு ஒரு அடிகூட இறங்க வேண்டாம். மழைவெள்ளம் மிதிவெடியை இழுத்துக்கொண்டு வந்து வேறு இடத்தில் போடும், ஆற்றங்கரையில் அது இன்னும் கூட. நிழலுக்கு ஒதுங்க, இயற்கை உபாதைக்கு, நல்ல படம் எடுக்க, எதற்காகவும் வேலிக்கு அப்பால் போகாதீர்கள். மண்ணில் துருப்பிடித்த இரும்பு கிடந்தால் எடுக்காதீர்கள். அம்மா நினைவுக்கு ஒரு கல் எடுக்க ஆசைப்பட்டால், அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கோ.


மணப்பாட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அம்மாவுக்குப் போன் செய்து டீச்சர் எழுதியதை முழுக்க வாசித்தேன். பாட்டு வந்த இடத்தில் அம்மா பேசவே இல்லை, லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பளைத் தங்கை சொன்ன ஆலயங்களைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். சித்திக்காக ஜெபமாலை சொல்வதாகச் சொல்லச் சொன்னார்.

கிழக்குக் கரை என்று முடிவாகிவிட்டது. டீச்சரிடம் இரண்டு கேள்வி மிச்சம். அம்மா அந்த ஆற்றில் முழுக்குப் போட ஆசைப்பட்டால் விடலாமா? தண்ணீரை எப்படிக் கொண்டு வருவது?


பாளையங்கோட்டை டீச்சர்:

கால் நனைக்கட்டும், கையில் எடுத்து நெற்றியில் வைக்கட்டும். அதற்கு மேல் வேண்டாம். அடியில் வழுக்குச் சேறு, முழங்கால் தாங்காது, தண்ணீரும் சுத்தமில்லை. வாயில் ஒரு சொட்டும் படக் கூடாது. கால் புண் ஏதாவது இருந்தால் ஆற்றுக்குப் பதில் அந்தக் கல்தொட்டியில் விரல் தொட்டுக்கொள்ளட்டும். நல்ல தண்ணீர் ஒரு பாட்டிலும் துண்டும் கொண்டு போய், கரையேறியதும் காலைக் கழுவிவிடுங்கள்.

கொண்டு வருவதற்கு, இறுக்கமாக மூடுகிற அரை லிட்டர் பாட்டில் இரண்டு போதும். அங்கே ஓடிப்போய்ச் சேறு கலக்காமல், மேல்தண்ணீரை மெதுவாக மொள்ளுங்கள். மூடிமேல் டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வைத்துவிடுங்கள். நாள்பட வைத்தால் பச்சை பிடிக்கும், நாற்றமும் வரும். அக்கா தனக்கென்று கொண்டுவந்தது ஒரு மாதத்தில் அப்படி ஆகி அழுதுவிட்டார். ஆகவே அம்மா ஊர் திரும்பிய அந்த வாரமே படகில் தெளித்துவிடுங்கள்.


மணப்பாட்டுக்காரன்:

சரி டீச்சர், அப்படியே செய்கிறோம். அம்மா இன்று காலையிலேயே மாமாவிடம் சொல்லிவிட்டாராம், அலெக்சாந்திரியாக் கப்பல்காரர்கள் கதையையும் சேர்த்து. மாமா அதிகம் பேசமாட்டார். எங்கள் பங்குச் சாமியார் வந்து ஜெபித்த பிறகு வள்ளத்தின் அணியத்தில் (முன்முனையில்) அம்மா கையாலேயே தெளிக்கட்டும் என்றாராம். கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்ப அழைத்து, பக்கத்து வீட்டு வள்ளத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூன்று பாட்டிலாகக் கொண்டு வருகிறேன்.